எரிந்தால்தான் மருந்தா? முகப்பரு சிகிச்சையின் கதை

"எரியுதா? அப்போ வேலை செய்யுதுன்னு அர்த்தம்."

பருவுக்கு எலுமிச்சைச் சாறு தடவும்போதும், ராத்திரி டூத்பேஸ்ட் வைத்துக்கொண்டு படுக்கும்போதும் இந்த வாக்கியத்தை யாராவது ஒருவர் சொல்லியிருப்பார். மெடிக்கல் ஷாப்பில் க்ரீம் வாங்கும்போதும் அதே லாஜிக்தான். 2.5 சதவீதம், 5 சதவீதம் என்று இரண்டு ட்யூப் இருந்தால், கை தானாகவே பெரிய எண்ணுக்குப் போகும். இரண்டு மடங்கு மருந்து, இரண்டு மடங்கு குணம் என்று மனசு கணக்குப் போடுகிறது.

இது நம் ஊர் மூடநம்பிக்கை என்றுதான் முதலில் நினைத்திருந்தேன். பருவுக்கான மருந்துகளின் வரலாற்றைத் தோண்ட ஆரம்பித்தபோது வேறு ஒன்று தெரிந்தது. ஐரோப்பிய, அமெரிக்கத் தோல் மருத்துவமே கிட்டத்தட்ட நூறு வருஷம் இதே நம்பிக்கையில்தான் ஓடியிருக்கிறது. தோல் சிவக்க வேண்டும், உரிய வேண்டும், அதுதான் சிகிச்சை. அந்த நம்பிக்கை எப்படி வந்தது, எப்படி உடைந்தது, அதற்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதுதான் இந்தக் கட்டுரை. லேசான பரு, கொஞ்சம் தொட்டாலே சிவந்துபோகிற தோல் என்று இரண்டும் சேர்ந்து இருப்பவர்களுக்கு இந்த வரலாறு நேரடியாகவே பயன்படும்.

உரிப்பதே வைத்தியம்

முதல் நூற்றாண்டு ரோமானிய எழுத்தாளர் செல்சஸ் தன் மருத்துவ நூலில் பருவைப் பற்றிப் பேசுகிறார். இதற்கெல்லாம் வைத்தியம் பார்ப்பது கிட்டத்தட்ட அசட்டுத்தனம், ஆனால் பெண்களைத் தடுக்க முடியாதே என்கிற தொனியில் சலித்துக்கொண்டே மருந்தும் சொல்கிறார்: பிசின், அதே அளவு படிகாரம், கொஞ்சம் தேன். படிகாரம் தோலைச் சுருக்கென்று பிடிக்கும். சவரக்கடையில் தேய்த்துக்கொண்டவர்களுக்கு அந்த உணர்வு தெரியும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இது ஒரு முறையான கோட்பாடாக மாறுகிறது. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் பால் கெர்சன் உன்னா என்ற தோல் மருத்துவர் இருந்தார். சாலிசிலிக் அமிலம், ரிசார்சினால் போன்றவை தோலின் மேலடுக்கைத் தளர்த்தி உரிக்கும் என்பதை 1880-களில் விளக்கியவர் அவர். கரும்புள்ளிக்குள் ஒரு பாக்டீரியா இருப்பதை 1890-களில் நுண்ணோக்கியில் பார்த்துச் சொன்னவரும் அவரே. பரு என்பது மயிர்க்காலில் ஏற்படும் அடைப்பு, அடைப்பை எடுக்க மேல்தோலை உரிக்க வேண்டும் என்பது அன்றைய தர்க்கம். கந்தகமும் இந்தப் பட்டியலில் உண்டு.

தர்க்கம் பாதி சரி. அடைப்பு உண்மைதான். மயிர்க்காலின் உள்சுவரில் உதிர வேண்டிய செல்கள் ஒட்டிக்கொண்டு, எண்ணெயோடு கலந்து ஒரு அடைப்பான் ஆகின்றன. கண்ணுக்குத் தெரியும் பரு வருவதற்குப் பல வாரங்கள் முன்பே இது உள்ளே தொடங்கிவிடுகிறது. ஆனால் மேலே உரிவதும் உள்ளே அடைப்பு நீங்குவதும் ஒரே விஷயம் அல்ல. இந்த வித்தியாசம் புரிய இன்னும் ஒரு நூற்றாண்டு ஆனது.

சிவப்பே அளவுகோல்

1895-ல் எக்ஸ்ரே கண்டுபிடிக்கப்பட்டது. சில வருஷங்களிலேயே அதைப் பருவின் மேலும் பாய்ச்சினார்கள். எண்ணெய்ச் சுரப்பி சுருங்கும், பரு குறையும். அன்றைக்குக் கதிர்வீச்சை அளக்கச் சரியான கருவி இல்லை. எனவே தோலையே மீட்டராக்கினார்கள். தோல் சிவக்க எவ்வளவு கதிர் வேண்டுமோ அதுதான் ஒரு அளவு. "எரித்திமா டோஸ்", அதாவது "சிவப்பு அளவு" என்றே அதற்குப் பெயர். எரிச்சல் என்பது பக்கவிளைவு என்ற நிலையிலிருந்து, மருந்தின் அலகு என்ற நிலைக்கே உயர்ந்துவிட்டது!

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை பதின்வயதுப் பிள்ளைகளின் முகத்தில் பருவுக்காக எக்ஸ்ரே கொடுக்கப்பட்டது. சின்ன வயதில் தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெற்றவர்களுக்குப் பிற்காலத்தில் தைராய்டு புற்றுநோய் அபாயம் அதிகம் என்று தெரியவந்தபோது, பருவுக்காகக் கதிர் வாங்கியவர்களும் அந்தக் கணக்கில் வந்தார்கள். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு தொல்லைக்காக எடுத்த ரிஸ்க் அது.

மைதாவிலிருந்து முகத்துக்கு

அடுத்த பாத்திரத்தின் பெயர் வாட்ஸப் ஃபார்வர்டுகளின் புண்ணியத்தில் நம்மவர்களுக்கு ஏற்கெனவே பழக்கம்: பென்சாயில் பெராக்சைடு. "பரோட்டா மைதாவை வெள்ளையாக்கும் கெமிக்கல்" என்று வருமே, அதேதான். 1858-ல் ஆங்கில வேதியியலாளர் பெஞ்சமின் பிராடி இதைத் தயாரித்தார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காயங்களுக்குப் பயன்படுத்திப் பார்த்தார்கள். மாவை வெளுக்கவும் போனது. வெளுக்கும் குணம் இன்றும் மாறவில்லை. பரு க்ரீம் தடவிய முகத்தைத் துடைத்த கலர் துண்டில் திட்டுத்திட்டாகச் சாயம் போயிருந்தால் காரணம் இதுதான்.

1965-ல் கனடாவின் ஒன்டாரியோவைச் சேர்ந்த வில்லியம் பேஸ், கந்தகமும் பென்சாயில் பெராக்சைடும் கலந்த க்ரீமைப் பற்றிக் கனடிய மருத்துவச் சங்க இதழில் எழுதினார். அதன் பிறகுதான் இது பருவின் முக்கிய மருந்தாகப் பரவியது.

இது வேலை செய்யும் விதம் எளிமையானது. பருவோடு தொடர்புள்ள பாக்டீரியா ஆக்சிஜன் குறைவான மயிர்க்காலுக்குள் சுகமாக வாழ்வது. பென்சாயில் பெராக்சைடு அங்கே போய் உடைந்து, ஆக்சிஜன் சார்ந்த வீரியமான துகள்களை வெளிவிட்டு அதை அழிக்கிறது. ஆன்டிபயாடிக் களிம்புகளுக்கு எதிர்ப்புத் திறன் பெற்ற பாக்டீரியாக்கள் 1970-களின் கடைசியிலேயே தென்பட ஆரம்பித்தன. பென்சாயில் பெராக்சைடு விஷயத்தில் அந்தப் பிரச்சினை வரவில்லை. இன்றும் ஆன்டிபயாடிக் ஜெல்லைத் தனியாகக் கொடுக்காமல் இதோடு சேர்த்துக் கொடுப்பது அதனால்தான்.

நல்ல மருந்து. ஆனால் எரியும், காயும், உரியும். மருத்துவர்கள் அதைக் கண்டு கவலைப்படவில்லை. உரிந்தால் நல்லதுதானே!

ஹோம்ஸ்பர்க் சிறை

இந்தக் கதையில் தவிர்க்கவே முடியாத மனிதர் ஆல்பர்ட் கிளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவப் பேராசிரியர். வைட்டமின் ஏ அமிலத்தை, அதாவது ட்ரெட்டினோயினை, தோலில் தடவும் முயற்சி அவருக்கு முன்பே ஜெர்மனியில் குந்தர் ஸ்டுட்கன் போன்றவர்களால் நடந்திருந்தது. எரிச்சல் பெரிய தடையாக இருந்தது. கிளிக்மனும் ஃபுல்டன், ப்ளெவிக் ஆகிய சகாக்களும் 1969-ல் அதைப் பருவுக்கான மருந்தாக நிறுவினார்கள். மயிர்க்காலுக்குள் செல்கள் ஒட்டிக்கொள்வதையே இது சரிசெய்கிறது. அதாவது அடைப்பு உருவாகும் முதல் படியிலேயே கை வைக்கிறது. சில ஆண்டுகளில் மருந்தாகச் சந்தைக்கும் வந்தது. அப்போதும் சிவப்பும் உரிதலும் சிகிச்சையின் இயல்பான பகுதியாகவே கருதப்பட்டன.

கிளிக்மனின் ஆராய்ச்சிக் களம் எது? பிலடெல்பியாவின் ஹோம்ஸ்பர்க் சிறைச்சாலை. 1950-களின் தொடக்கத்திலிருந்து 1974 வரை அங்கே கைதிகளின் தோலில் சோதனைகள் நடந்தன. அவர்களில் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். பலர் விசாரணைக் கைதிகள். ஜாமீன் கட்டக் காசில்லாமல் உள்ளே இருந்தவர்களும் உண்டு. சில டாலர்களுக்காக முதுகைக் கொடுத்தார்கள். என்ன தடவுகிறார்கள் என்பது அவர்களில் பலருக்குச் சரியாகச் சொல்லப்படவில்லை. அழகுப் பொருள், மருந்து, ராணுவத்துக்கான ரசாயனம் என எல்லாமே அந்த முதுகுகளில் போனது.

அதில் ஒன்று டையாக்சின். டவ் கெமிக்கல் நிறுவனம் 1960-களில் கேட்டுக்கொண்ட சோதனை அது. டையாக்சின் கடுமையான ஒருவகைப் பருவை உண்டாக்கும் விஷம். நிறுவனம் வகுத்த அளவில் பெரிதாக எதுவும் நடக்காதபோது, கிளிக்மன் அளவை நானூறு மடங்குக்கும் மேல் கூட்டினார். தோல் எதிர்வினை காட்டும் வரை டோஸை ஏற்றுவது என்ற மனநிலை எங்கே போய் நிற்கும் என்பதற்கு இதைவிடக் கொடுமையான உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆலன் ஹார்ன்ப்ளம் 1998-ல் எழுதிய 'ஏக்கர்ஸ் ஆஃப் ஸ்கின்' என்ற புத்தகம் இதையெல்லாம் விரிவாக வெளியே கொண்டுவந்தது. பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவப் பிரிவு 2021-லும், பிலடெல்பியா நகர நிர்வாகம் 2022-லும் மன்னிப்புக் கேட்டன. கிளிக்மன் 2010-லேயே இறந்துவிட்டார். இன்று நாம் ராத்திரியில் பட்டாணி அளவு எடுத்துத் தடவும் மருந்துகளின் பின்னால் இந்த முதுகுகள் இருக்கின்றன என்பதை மறக்காமல் மேலே போவோம்.

153 பேர், மூன்று ட்யூப்

இப்போது திருப்பம். 1986-ல் தோல் மருத்துவத்துக்கான ஒரு சர்வதேச இதழில் ஒரு சின்னக் கட்டுரை வந்தது. மில்ஸ், கிளிக்மன், போச்சி, கோமிட் ஆகிய நால்வரின் கட்டுரை. ஆமாம், அதே கிளிக்மன். கேள்வி மிகச் சாதாரணமானது: பென்சாயில் பெராக்சைடு 2.5, 5, 10 சதவீதம், இதில் எது அதிகம் வேலை செய்கிறது? லேசானது முதல் ஓரளவு கடுமையானது வரை பரு இருந்த 153 பேர். யாருக்கு எந்த ட்யூப் என்பது நோயாளிக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

விடை: சிவந்த, வீங்கிய பருக்களைக் குறைப்பதில் 2.5 சதவீதம், 5-க்கும் 10-க்கும் சமம். ஆனால் எரிச்சல், சிவப்பு, உரிதல் ஆகியவை 10 சதவீதத்தைவிட 2.5-ல் குறைவு.

இன்ஜினியர் மொழியில் சொன்னால், பலன் கிராஃப் 2.5-லேயே தட்டையாகிவிட்டது. எரிச்சல் கிராஃப் மட்டும் மேலே போய்க்கொண்டிருந்தது. ஒரு சர்வர் ஏற்கெனவே முழு வேகத்தில் ஓடும்போது இன்னும் லோடு ஏற்றினால் வேலை கூடாது, சூடுதான் கூடும். அதுபோலத்தான். எரிச்சலைப் பார்த்து மருந்தின் பலனை அளந்த அத்தனை வருஷமும் தப்பான மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

1995-ல் இதே விஷயம் ட்ரெட்டினோயினிலும் தெரிந்தது. வெயிலால் முதிர்ந்த தோலுக்காக 0.1 சதவீதத்தையும் 0.025 சதவீதத்தையும் 48 வாரம் ஒப்பிட்டார்கள். முன்னேற்றம் ஏறக்குறைய ஒன்றே. எரிச்சல் மட்டும் 0.1-ல் கணிசமாக அதிகம். பருவுக்கான சோதனை அல்ல என்றாலும், பலனும் எரிச்சலும் வேறு வேறு பாதை என்பதற்கு இது இன்னொரு சான்று.

அதன் பின் வந்த மருந்துகள் இந்தப் புரிதலோடு வந்தவை. பிரான்ஸில் உருவான அடாபலீன் வைட்டமின் ஏ-யின் வேலையைச் செய்யும், ஆனால் செல்லில் உள்ள ஏற்பிகளில் சிலவற்றை மட்டும் தேர்ந்து பிடிக்கும். எரிச்சல் குறைவு. அமெரிக்காவில் 1996-ல் அனுமதி பெற்று, 2016-ல் மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கலாம் என்ற நிலைக்கு வந்தது. இந்தக் குடும்பத்தில் அந்த நிலைக்கு வந்த முதல் மருந்து அதுதான்.

இன்னொன்று அசெலாயிக் அமிலம். இதன் தொடக்கம் நமக்கு நன்றாகத் தெரிந்த தேமல். தேமல் வந்த இடம் ஏன் வெளுக்கிறது என்று 1970-களில் ரோமில் நஸ்ஸாரோ-போர்ரோ என்ற மருத்துவரும் சகாக்களும் ஆராய்ந்தார்கள். தேமல் பூஞ்சை உண்டாக்கக்கூடிய அமிலங்களில் ஒன்று நிறமி உற்பத்தியைத் தடுக்கிறது என்று கண்டார்கள். அதை மங்கு போன்ற கருமைக்குத் தடவியபோது பருவும் குறைவது தெரிந்தது. கோதுமை, பார்லியில்கூட இருக்கும் பொருள் அது. பருவையும் அது விட்டுப்போகும் கருமையையும் ஒரே மருந்து கவனிப்பது நம் நிறத்தவர்களுக்கு வசதி.

மாநிறத் தோலின் கணக்கு வேறு

வெள்ளைத் தோலில் எரிச்சல் என்றால் சிவப்பு, பத்து நாளில் போய்விடும். மாநிறத்திலும் கறுப்பிலும் அப்படி இல்லை. எந்த வீக்கமும், பருவால் வந்தாலும் மருந்தால் வந்தாலும், நிறமியைத் தூண்டிவிட்டுப் போகும். பரு ஆறிய பிறகும் கரும்புள்ளி மாதக்கணக்கில் நிற்கும். "பரு போச்சு டாக்டர், இந்தக் கறுப்பு போகலை" என்பதுதான் நம்மூர்ப் புகார். அதைப் போக்க இன்னும் காரமான க்ரீம், அதனால் இன்னும் எரிச்சல், இன்னும் கருமை.

இந்த இடத்தில் நம் ஊரில் இன்னொரு விபத்து நடந்தது. எரியவே எரியாத, மூன்றே நாளில் முகம் பளிச்சென்று ஆகும் க்ரீம்கள். உள்ளே இருப்பது ஸ்டீராய்டு. வீக்கத்தை அமுக்கும், நிறத்தை வெளுக்கும், கொஞ்ச நாளில் தோலை மெலிதாக்கும், ஸ்டீராய்டு பருவையே உண்டாக்கும். நிறுத்தினால் முகம் நெருப்பாக எரியும். எனவே நிறுத்த முடியாது. இந்திய மருத்துவர்கள் பல மையங்களில் நடத்தி 2011-ல் வெளியிட்ட ஆய்வில், முகத் தோல் பிரச்சினையோடு வந்த 2926 பேரில் 433 பேர் ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தார்கள். அதில் ஏறக்குறைய கால்வாசிப் பேர் தடவியது பருவுக்காக. தோல் மருத்துவர் சங்கம் தொடர்ந்து போராடியதன் விளைவாக, 2018-ல் மத்திய அரசு பல ஸ்டீராய்டு பூச்சு மருந்துகளை மருந்துச்சீட்டு கட்டாயமான ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. ஆக, எரிவது வேலை செய்வதன் அடையாளம் அல்ல என்பதுபோல, எரியாமல் இருப்பதும் பாதுகாப்பின் அடையாளம் அல்ல. ட்யூபின் பின்னால் உள்ள பெயரைப் படிப்பதுதான் ஒரே வழி. மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், ஃப்ளூவோசினோலோன் என்று எது இருந்தாலும் பருவுக்காக நீங்களாகத் தடவாதீர்கள்.

சரி, என்ன செய்யலாம்?

நான் மருத்துவன் அல்ல. இந்த வரலாறும் இன்றைய பொதுவான மருத்துவ நடைமுறையும் சேர்ந்து சொல்வதைத் தொகுக்கிறேன், அவ்வளவே.

லேசான பரு, எளிதில் எரியும் தோல் என்றால் மருந்து ஒன்று போதும். ஒரே வாரத்தில் ஃபேஸ்வாஷ், ஸ்க்ரப், சீரம், ஜெல் என்று நான்கையும் ஆரம்பித்தால் எது உதவியது, எது கெடுத்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது. நான்கு மாற்றத்தை ஒரே நாளில் ப்ரொடக்‌ஷனுக்கு அனுப்பியவர்களுக்கு இந்த வலி தெரியும்.

பென்சாயில் பெராக்சைடு என்றால் 2.5 சதவீதம். முதலில் ஒரு சின்ன இடத்தில் மூன்று நாள் தடவிப் பாருங்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2014-ல் அரிதான, ஆனால் கடுமையான ஒவ்வாமைகளைப் பற்றி எச்சரித்தபோது சொன்ன வழி இது. முகம் வீங்கினாலோ, மூச்சு முட்டினாலோ அது எரிச்சல் அல்ல, ஒவ்வாமை. நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பிரச்சினை இல்லையென்றால் ஒருநாள் விட்டு ஒருநாள் தொடங்கலாம். அதுவும் எரிந்தால், சில நிமிடம் வைத்துக் கழுவிவிடும் முறையும் உண்டு. வெப்பத்தில் இந்த மருந்து உடைந்து பென்சீன் உருவாகலாம் என்று 2024-ல் சர்ச்சை எழுந்தது. அந்த அமைப்பு 95 பொருட்களைச் சோதித்து, 2025-ல் மிகச் சிலவற்றை மட்டும் திரும்பப் பெறச் செய்தது. எப்படியும் நம் வெயிலுக்கு ட்யூபை வண்டிப் பெட்டியில் போட்டு வைக்காமல், காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்வது நல்லது.

அடாபலீன் என்றால் ராத்திரியில் முகம் முழுக்கப் பட்டாணி அளவு. பருவின் மேல் பொட்டு வைப்பதால் பயனில்லை, ஏனென்றால் அது தடுப்பது இனி வரப்போகும் அடைப்பை. கர்ப்பிணிகளும் கர்ப்பத்துக்குத் திட்டமிடுபவர்களும் இதைத் தவிர்க்க வேண்டும். அவர்களுக்கு அசெலாயிக் அமிலம் பொதுவாகத் தரப்படுகிறது, மருத்துவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

கூடவே மணமில்லாத ஒரு மாய்ஸ்சரைசர், பகலில் சன்ஸ்க்ரீன். வெயில் கருமையை நிலைக்க வைக்கும்.

பிறகு பொறுமை. எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம். பரு உள்ளே உருவாகவே வாரக்கணக்கில் ஆகிறது என்று மேலே பார்த்தோம். இன்று தடவியது நாளை தெரியாததற்கு அதுவே காரணம். பலர் மூன்றாவது வாரத்தில் மருந்தை மாற்றுகிறார்கள், அல்லது அளவைக் கூட்டுகிறார்கள். ஆழமான வலிக்கும் கட்டிகள் வந்தாலோ, குழி விழ ஆரம்பித்தாலோ மட்டும் காத்திருக்க வேண்டாம். அது லேசான பரு அல்ல, தோல் மருத்துவரிடம் போக வேண்டிய பரு.

அடுத்த முறை மெடிக்கல் ஷாப்பில் "ஸ்ட்ராங்கா ஒண்ணு குடுங்க" என்று கேட்கத் தோன்றினால், 1986-ன் அந்த 153 பேரை நினைத்துக்கொள்ளுங்கள். சின்ன எண் போட்ட ட்யூபையே வாங்கலாம்.